நடந்து போகும் தூரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சித்திக்கு வாடகைக்கு ஓர் அறை தேடி, சைதாப்பேட்டைச் சந்துகளில் காலை முழுவதும் நடந்தோம். சித்திக்கு 58 வயது. நந்தனத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைக்கிறார். மூன்று வீட்டுச் சம்பளமும் சேர்த்து மாதம் 8,500 ரூபாய் வருகிறது. இப்போது இருக்கும் அறையை அவரைப் போலவே வீட்டு வேலைக்குப் போகும் இன்னோர் அம்மாவோடு பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டிருக்கிறார். வருகிற தை மாதம் முதல் வாடகையில் ஆயிரம் ரூபாய் ஏற்றப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால்தான் இந்த அலைச்சல்.

ஆறு இடங்கள் பார்த்தோம். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் அறைக்கு 5,000 ரூபாய் வாடகையும் 50,000 ரூபாய் அட்வான்ஸும் கேட்டார்கள். அங்கே கழிப்பறை நான்கு குடித்தனங்களுக்குப் பொது. தண்ணீர் கீழேயிருந்து தூக்கி வர வேண்டும். இன்னோர் இடத்தில் வாடகையைச் சொல்லும் முன்பே, கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்டார்கள்; அதற்கு அடுத்த கேள்வி, சொந்த ஊர் எது, நீங்கள் என்ன ஆட்கள் என்பது. அந்தக் கேள்வி எதற்கு என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். சித்தி பதில் சொல்லாமல் படியிறங்கிவிட்டார்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையில் நெடுநாளாக ஊறிப்போன வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. தலைக்கு மேல் கூரை இல்லாமல் தெருவில் நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? மேலும், அந்தச் சட்டம் கேட்கும் எழுத்து ஒப்பந்தத்தை இந்தச் சந்துகளில் நான் கண்டதே இல்லை. வாய்ச் சொல்லில் குடி வருகிறார்கள், வாய்ச் சொல்லில் வெளியேற்றப்படுகிறார்கள்.

அந்த 50,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காதில் கிடப்பது அடகுக்குப் போகும். மீதிக்குக் குழு லோன், அதுவும் போதாவிட்டால் தண்டல். மூன்று வட்டிக்கு வாங்கினால், 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். அதே பணம் வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் இருக்கும். ஆக, 5,000 ரூபாய் வாடகை என்று சொல்லப்படும் அறையின் உண்மையான வாடகை 6,500 ரூபாய். இதற்கு மேல் கரண்ட் பில். 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்குகளும் உள்ள சித்தியின் அறைக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால், அந்த 100 யூனிட்டே போதும். ஒரு ரூபாயும் கட்ட வேண்டியிருக்காது. ஆனால் அறைக்கு இருப்பது வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டர். அதில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பத்து ரூபாய். எல்லா வீடுகளுக்கும் என்று அரசு கொடுத்த சலுகை, ஏழையின் அறை வாசல் வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

இதை வாசிப்பவர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு அரசு வீடு கொடுத்ததே, அது என்ன ஆயிற்று? சித்தி குடும்பத்துக்கும் சென்னையின் தெற்கு விளிம்பில் உள்ள பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த வீட்டை விட்டுவிட்டு இங்கே பாதி அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதைக் கேள்விப்படுகிறவர்கள் உடனே, கொடுத்த வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள், திரும்பத் திரும்ப நகரத்துக்கே ஓடி வருகிறவர்கள் என்று பேசுவதை அலுவலகத்திலும் பேருந்திலும் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மறைமலையடிகள் பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டியிருந்த சித்தியின் வீடு, அந்த ஓர் இரவில் கழுத்தளவு நீரில் மூழ்கியது. ரேஷன் அட்டையும் பையனின் சான்றிதழ்களும் இருந்த பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்கள். சில வாரங்களில் கணக்கெடுத்தார்கள், டோக்கன் கொடுத்தார்கள், பிறகு சாமான்களோடு லாரியில் ஏற்றினார்கள். கல்வியாண்டின் நடுவில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தவர்கள் அந்தத் தெருவில் பலர்.

பெரும்பாக்கத்து வீட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கான்கிரீட் கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, தனி மின் இணைப்பு. சித்தி அதற்கு முன்பு வாழ்ந்த எந்த வீட்டிலும் இவற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆனால் அந்த வீடு, அவர் வேலை செய்த நந்தனத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

இருபது கிலோமீட்டர் என்ன பெரிய தூரம், அலுவலகம் போகிறவர்கள் தினமும் போவதில்லையா என்று தோன்றும். வீட்டு வேலை எப்படி நடக்கிறது என்பதை அறிந்தால்தான் அதன் கனம் புரியும். சித்திக்கு அப்போது ஐந்து வீடுகள். காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் ஏழு மணிக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள். எட்டு மணிக்கு இரண்டாம் வீடு, அதன் பிறகு மூன்றும் நான்கும். பதினொன்றரைக்கு வீடு திரும்பிச் சோறு வடித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் காலை நீட்டிவிட்டு, மாலை நான்கு மணிக்கு மறுபடியும் கிளம்பி, மூன்று வீடுகளில் பத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவார். ஒரு நாளில் இரண்டு முறை போய்வரும் வேலை இது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். ஒரு வீட்டிலிருந்து கிடைக்கும் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு எதற்கும் காணாது. நான்கைந்து வீடுகளைச் சங்கிலியாகக் கோத்தால்தான் ஒரு வருமானம். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, வீட்டிலிருந்து வேலைக்குப் பதினைந்து நிமிடத்தில் நடந்துவிட முடிகிற தூரம். அது அறுந்தால் மற்றவையெல்லாம் உதிர்ந்துவிடும்.

உதிர்ந்தன. பெரும்பாக்கத்திலிருந்து காலை நாலரை மணிக்குக் கிளம்பினாலும், சாதாரணக் கட்டண ஒயிட் போர்டு பஸ் வந்து, இடையில் ஒருமுறை மாறி, நந்தனம் வந்து சேர ஆறரை, சில நாள் ஏழு ஆகிவிடும். ஐந்தே முக்கால் வீடு முதல் மாதத்திலேயே போயிற்று. மதியம் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது என்பதால், நண்பகலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். இங்கே உட்காரக் கூடாது என்று அங்கிருந்த காவலாளி சொன்ன பிறகு, ஒரு பிள்ளையார் கோயில் வாசலில். மாலை வேலை முடித்து வீடு சேர இரவு எட்டரை. ஆறு மாதத்தில் ஐந்து வீடு இரண்டாகக் குறைந்தது. வாடகை இல்லாத வீட்டுக்குப் போன பிறகுதான் சித்தி முதல்முறையாகக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கினார்.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற ஆணை வந்தது. அன்று சித்தி எனக்கு போன் செய்து பேசிய குரல் இப்போதும் காதில் இருக்கிறது. வேலைக்குப் போய்வந்தால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் என்பது சிறிய விஷயமல்ல. அந்த ஆணையை நான் மனமார வாழ்த்துகிறேன். ஆனாலும் டிக்கெட் காசை அரசு ஏற்றுக்கொள்ள முடிந்ததைப் போல, ஒரு நாளில் பேருந்து தின்றுவிடும் நாலரை மணி நேரத்தை யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஊரடங்கில், வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்று குடியிருப்புச் சங்கங்கள் முடிவெடுத்ததில், மிச்சமிருந்த இரண்டு வீடுகளும் கைவிட்டிருந்தன. 2022-இல் சித்தி சைதாப்பேட்டைக்கே திரும்பி வந்து பாதி அறை எடுத்தார். வந்த மூன்றாம் வாரம் மூன்று வீடுகள் கிடைத்தன.

அவருடைய மகன், என் தம்பி முறை, மனைவி பிள்ளைகளோடு பெரும்பாக்கத்திலேயே இருக்கிறான். ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கணினி நிறுவனத்தின் கட்டடத்தில் ஒப்பந்தக்காரர் வழியாக ஹவுஸ் கீப்பிங் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சம்பளம் குறைவு, பெரும்பாக்கம் என்று முகவரி சொன்னால் மேற்பார்வையாளரின் முகம் மாறுகிறது என்று வருத்தப்படுவான். என்றாலும் வேலைக்கு சைக்கிளில் போய் வருகிறான். அவனுக்கு அந்த வீடு நிஜமாகவே வீடாக அமைந்துவிட்டது. அதே சுவர், அதே கூரை. மகனை வாழ வைத்தது, தாயின் பிழைப்பை எடுத்துக்கொண்டது. ஏழைக்கு வீடு என்ற பேச்சு எழும்போதெல்லாம் சதுர அடியையும் செலவான கோடிகளையும் சொல்கிறோம். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே உள்ள தூரத்தை ஏன் எவரும் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் அம்மாவும் ஒரு காரணம். அம்மாவும் சித்தியும் உடன்பிறந்தவர்கள். இருவரும் செய்தது ஒரே வேலை. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971-இல் வந்தது. அந்த முதல் ஆண்டுகளில் வாரியம் கட்டிய அடுக்கு வீடுகள் பல, குடிசைகள் இருந்த இடத்திலேயோ அதற்கு அருகிலேயோ எழுந்தன. மந்தைவெளிக்குக் கிழக்கே, கடலோரத்தில், அப்படிக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடு ஒன்றில்தான் நாங்கள் வளர்ந்தோம். மழைக்கு ஒழுகும், சுவரில் பூச்சு உதிரும், தண்ணீருக்குக் கீழே குழாயடியில் குடத்தோடு நிற்க வேண்டும். ஆனால் அம்மா ராஜா அண்ணாமலைபுரத்து வீடுகளில் வேலையை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு நடந்தே வந்து எங்களுக்குச் சோறு போடுவார். பள்ளியில் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து நிற்பார். நானும் தங்கையும் படித்து இன்று மாதச் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்றால், அதில் அந்தப் பத்து நிமிட தூரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சித்தியின் மகன் தங்கையைவிடவும் என்னைவிடவும் கெட்டிக்காரன். அவன் பிளஸ் ஒன் படிக்கும்போது லாரியில் ஏற்றப்பட்டான். பிளஸ் டூ எழுதவில்லை.

2000-இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவானது. அதன் பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரம் வீடுகள் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. நகரத்தின் நடுவிலிருந்து ஏழைகளை எடுத்து விளிம்பில் மொத்தமாக வைக்கும் போக்கு அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. காரணம் விளங்காததல்ல. நகரத்துக்குள் நிலம் பொன்னாகிவிட்டது, விளிம்பில் அரசு நிலம் பரந்து கிடந்தது, மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டங்களில் பெருந்தொகை வந்தது, அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் செலவழித்தாக வேண்டியிருந்தது. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்று சொல்லி அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த இந்த இடங்களோ, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது என் தம்பி வீட்டைச் சுற்றிலும் தண்ணீர் நின்றது. நீர்வழியில் ஏழைகள் இருப்பதுதான் குற்றம் என்றால், பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை ஊன்றி ஓடும் பறக்கும் ரயிலைப் பற்றி என்ன சொல்வது?

2022 மே மாதம் அதே கால்வாயை ஒட்டி, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு குடியிருப்பு இடிக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். அம்மா வேலை செய்த தெருக்களுக்கு அருகில்தான் அது. அந்த மரணத்துக்குப் பிறகு, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடுகள் தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அருகிலேயே கொடுக்க வழி இருந்திருக்கிறது. ஓர் உயிர் போகும் வரை அந்த வழி ஏன் திறக்கவில்லை?

ஒருவருடைய இருப்பிடத்தையும் பிழைப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது புதிய கருத்தும் அல்ல. பம்பாய் நடைபாதைவாசிகளும் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் தொடர்ந்த வழக்கில், 1985-இல் உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறும் உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அந்த மக்கள் நடைபாதையில் தங்குவது வேலை அருகில் இருப்பதால்தான், அங்கிருந்து அகற்றினால் வேலையையும் இழப்பார்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், முறைப்படி அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக அந்தத் தீர்ப்பின் பின்பாதிதான் அதிகம் நடைமுறையாகியிருக்கிறது.

வேலைக்குப் பக்கத்தில் வீடு கட்ட அரசால் முடியாது என்று எவரேனும் சொன்னால், நான் ஸ்ரீபெரும்புதூரைக் காட்டுவேன். 2021 டிசம்பரில், அங்கே ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்; ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய, 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அது நல்ல காரியம். அங்கே தங்குமிடம் ஒரு தொழிலின் அடிப்படைத் தேவையாகப் பார்க்கப்பட்டது, ஏனென்றால் தொழிலாளர்கள் அருகில் இல்லாவிட்டால் ஆலை நின்றுவிடும். நந்தனத்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள் ஒருநாள் வராவிட்டால் எத்தனை அலுவலகங்களில் எத்தனை பேர் தாமதமாக வருவார்கள் என்பதை எந்த ஏட்டிலும் யாரும் எழுதி வைப்பதில்லை; ஆகவே அது தொழிலாகவே கண்ணில் படுவதில்லை.

நகரத்துக்குள் இருக்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் இப்போது இடிந்துகொண்டிருக்கின்றன. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட தொகுதி ஒன்று சரிந்து விழுந்தது. விரிசல் சத்தம் கேட்டு எல்லோரும் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. இவற்றை இடித்துவிட்டு அதே இடத்தில் உயரமாகக் கட்டும் பணி பல இடங்களில் நடக்கிறது. இதுதான் சரியான பாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் கட்டி முடியும் வரை அந்தக் குடும்பங்கள் எங்கே இருப்பார்கள்? வெளியேறும்போது ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப்படும் தொகை 24,000 ரூபாய். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஆஸ்பெஸ்டாஸ் அறையின் அட்வான்ஸில் அது பாதிகூட இல்லை. எனவே புதிய வீடுகளை விற்பதற்கோ ஒதுக்குவதற்கோ மட்டும் கட்டாமல், ஒரு பகுதியை அரசே வைத்துக்கொண்டு, அட்வான்ஸ் இல்லாமல், வருமானத்துக்கு ஏற்ற வாடகைக்கு விட வேண்டும். சித்தி போன்றவர்களுக்குச் சொந்த வீடுகூட இந்த வயதில் பெரிதல்ல. பூட்டிக்கொள்ள ஒரு கதவும், நடந்து போகும் தூரத்தில் வேலையும் போதும்.

கடைசியாக நாங்கள் பார்த்த அறை ஜாபர்கான்பேட்டையில், ஒரு லைன் வீட்டின் கோடியில் இருந்தது. வாடகை 4,000, அட்வான்ஸ் 30,000. அந்த வீட்டம்மா எங்களிடம் ஊரும் கேட்கவில்லை, சாதியும் கேட்கவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் சொன்னார். ஆனால் அங்கிருந்து நந்தனம் நான்கு கிலோமீட்டர் இருக்கும். ஐந்தே முக்கால் மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டும் என்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மதியம் வந்து போவது கடினம். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். சித்தி தெருமுனை வரை போய், பெரிய சாலை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"முக்கா மணி நேரம் ஆவும். நடந்துடலாம்டா தம்பி," என்றார்.

அட்வான்ஸில் பாதியை நான் தருகிறேன் என்றேன். மீதிக்குத் தோட்டை வைக்கலாமா, வேலை செய்யும் வீட்டில் கேட்கலாமா என்று பேசிக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம்.